செனட்டின் 67 வாக்குகளா, அதிபரின் கையெழுத்தா? அமெரிக்கா வாக்குக் கொடுக்கும் இரு வழிகள்

வெளிநாடுகளோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடுத்த கையோடு, அவைக்கு வந்திருக்கும் செனட் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதற்கு இசைய வேண்டும் என்ற கடிவாளத்தையும் அமெரிக்க அரசியல் சட்டம் போட்டு வைத்திருக்கிறது. இன்றைய செனட்டில் நூறு பேரும் வந்திருந்தால் 67 வாக்குகள் வேண்டும். செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு இசைவு இல்லாமலே அதிபர் செய்துகொள்ளும் நிர்வாக ஒப்பந்தம் என்ற மற்றொரு வழியைப் பற்றி அந்தச் சட்டம் எதுவும் பேசவில்லை. அது நடைமுறையில் வளர்ந்து, 1937இல் பெல்மான்ட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏற்பையும் பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்நாடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வழியில் வந்தவையே. எதற்கு எந்த வழி என்று ஆராய்வதற்கு வெளியுறவுத் துறையில் 'சுற்றறிக்கை 175' என்ற நடைமுறை இருக்கிறது. ஆனால் பெரிய விஷயங்களில் வழியைத் தீர்மானிப்பது செனட்டில் எத்தனை தலைகள் தேறும் என்ற கணக்குத்தான்.

இரண்டு வழிகளையும் மூன்று கேள்விகளை வைத்து எடைபோடலாம். எது விரைவாக முடியும்? எது நிலைக்கும்? எதிலிருந்து விலகுவது கடினம்? முதல் கேள்விக்கு விடை தெளிவானது. மற்ற இரண்டுக்கும் விடை தேட வரலாற்றுக்குள் போக வேண்டும்.

உடன்படிக்கை வழியின் தோல்விக்கு எல்லோரும் காட்டும் சான்று, முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்துகொண்ட வெர்சாய் அமைதி உடன்படிக்கை. 1918 இடைக்காலத் தேர்தலில் செனட் குடியரசுக் கட்சியின் கைக்குப் போயிருந்த நிலையிலும், பாரிஸ் மாநாட்டுக்குப் புறப்பட்ட அதிபர் வுட்ரோ வில்சன் செனட்டர் ஒருவரைக்கூட உடன் அழைத்துச் செல்லவில்லை. செனட் வெளியுறவுக் குழுவின் தலைவராக இருந்த ஹென்றி கேபட் லாட்ஜ், உடன்படிக்கை முழுவதையும் குழுவில் வாய்விட்டு வாசித்தே இரண்டு வாரங்களைக் கழித்தார். பிறகு தம் நிபந்தனைகளைச் சேர்த்தார். மக்களிடம் நேரில் முறையிடலாம் என்று 1919 செப்டம்பரில் ரயிலேறிய வில்சன், கொலராடோ மாநிலத்தின் பியூப்ளோ நகரில் பேசிய பிறகு உடல் நலிந்தார். அக்டோபரில் பக்கவாதம் தாக்கியது. 1920 மார்ச் 19 அன்று நடந்த இறுதி வாக்கெடுப்பில் 49 பேர் ஆதரித்தார்கள், 35 பேர் எதிர்த்தார்கள். தேவைக்கு ஏழு வாக்குகள் குறைந்தன. எதிர்த்தவர்களில் பலர் வில்சனின் சொந்தக் கட்சியினர் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். லாட்ஜின் நிபந்தனைகளோடு வரும் உடன்படிக்கையைத் தோற்கடிக்கும்படி அவர்களிடம் கேட்டுக்கொண்டதே வில்சன்தான். விதியைவிட விடாப்பிடிதான், அந்த உடன்படிக்கையில் பிறந்த பன்னாட்டுச் சங்கத்திலிருந்து அமெரிக்காவை வெளியே நிறுத்தியது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

ஏனென்றால், அதே விதியின் கீழ்தான் 1949இல் நேட்டோ பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், ட்ரூமன் அரசின் வெளியுறவுத் துறை துணைச் செயலர் ராபர்ட் லவெட், வாஷிங்டனில் வார்ட்மன் பார்க் ஓட்டலில் தங்கியிருந்த மிச்சிகன் செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்க்கின் அறைகளுக்கே போய் உட்கார்ந்து பேசினார். வாண்டன்பர்க் எதிர்க்கட்சிக்காரர், போருக்கு முன் அமெரிக்கா ஐரோப்பிய விவகாரங்களில் தலையிடக் கூடாது என்று வாதாடியவர். அந்தப் பேச்சுகளில் உருவான, இத்தகைய கூட்டணிக்கு வழிவிடும் தீர்மானம் 1948 ஜூனில் செனட்டில் 64-4 என்ற கணக்கில் நிறைவேறியது. செனட்டர்களின் கவலை உடன்படிக்கையின் வாசகத்துக்குள்ளும் புகுந்தது. ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையெனப் படும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் ஐந்தாம் பிரிவு சொல்கிறதே தவிர, உடனே போரில் இறங்கியாக வேண்டும் என்று சொல்லவில்லை. 1949 ஜூலை 21 அன்று 82-13 என்று உடன்படிக்கை தேறியது. வில்சன் கடைசியில் செய்ய மறுத்த சமரசத்தை ட்ரூமனின் ஆட்கள் தொடக்கத்திலேயே செய்துவிட்டார்கள்.

இனி மறுபக்கம். 1940 செப்டம்பரில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பழைய போர்க்கப்பல்கள் ஐம்பதைப் பிரிட்டனுக்குக் கொடுத்து, பதிலுக்கு நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கரீபியன் வரை கடற்படை, விமானப்படைத் தளங்களுக்கான இடங்களை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றார். பிரான்ஸ் வீழ்ந்து, பிரிட்டன் குண்டுவீச்சுக்கு நடுவே தனித்து நின்ற நேரம் அது. செனட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் மாதக்கணக்கில் இழுத்திருக்கும். தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சனின் சட்டக் கருத்து ஒன்றே போதுமென்று அதிபர் முடிவெடுத்தார். கொடுக்கல் வாங்கல் அப்போதே முடிந்துவிடும் இத்தகைய ஏற்பாட்டுக்கு நிர்வாக ஒப்பந்தம் பொருத்தமான கருவி என்பதை நான் தயக்கமின்றி ஒப்புக்கொள்வேன்.

பத்து, பதினைந்து ஆண்டுகள் காப்பாற்ற வேண்டிய வாக்குறுதிக்கும் இதே கருவியையோ இதைவிட மெலிந்த ஒன்றையோ பயன்படுத்தும்போதுதான் சிக்கல் வருகிறது. ஈரான் தன் அணுத் திட்டத்துக்கு வரம்பு ஏற்க, பதிலுக்குத் தடைகளைத் தளர்த்துவதென்று 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் முடிவான ஈரான் அணு உடன்பாடு, உடன்படிக்கையும் அல்ல, நிர்வாக ஒப்பந்தமும் அல்ல, கையெழுத்திட்ட ஆவணமும் அல்ல என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே எழுத்தில் தெரிவித்தது. ஏன் உடன்படிக்கையாகக் கொண்டுவரவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் கேட்டபோது, இக்காலத்தில் உடன்படிக்கை எதையும் நிறைவேற்ற முடிவதில்லை என்று அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி மறைக்காமல் சொன்னார். அந்தச் செப்டம்பரில் செனட்டில் 58 பேர் உடன்பாட்டுக்கு எதிராக நின்றும், விவாதத்தை முடிப்பதற்கான 60 வாக்குகள் கிடைக்காததால் அது தப்பிப் பிழைத்தது. பாதிக்கு மேற்பட்டோர் ஏற்காத வாக்குறுதியை உலகம் அமெரிக்காவின் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டது.

விளைவு 2018 மே 8 அன்று தெரிந்தது. ஈரான் வரம்புகளுக்குள் இருப்பதாகச் சர்வதேச அணுசக்தி முகமை மீண்டும் மீண்டும் அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்த நிலையிலேயே டொனால்ட் டிரம்ப் விலகினார். அதற்கு எவருடைய வாக்கும் தேவைப்படவில்லை. உடன்பாட்டை நம்பித் தெற்கு பார்ஸ் எரிவாயு வயலுக்குள் இறங்கியிருந்த பிரான்ஸின் டோட்டல் நிறுவனம், அமெரிக்கத் தடைகளுக்கு அஞ்சி அதே ஆண்டில் வெளியேறியது. 3.67 விழுக்காட்டுக்கு மேல் யுரேனியத்தைச் செறிவூட்ட மாட்டோம் என்று ஒப்புக்கொண்டிருந்த ஈரான், 2021 ஏப்ரலில் 60 விழுக்காட்டைத் தொட்டது. பாரிஸ் பருவநிலை உடன்பாட்டின் கதையும் ஏறக்குறைய இதுதான்: ஒபாமா சேர்ந்தார், டிரம்ப் விலகினார், பைடன் திரும்பச் சேர்ந்தார், 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடியும் விலகல் ஆணையில் கையெழுத்திட்டார்.

அப்படியானால் உடன்படிக்கை அசையாததா? அப்படியும் சொல்லிவிட முடியாது. உள்ளே நுழையும் வழியை விளக்கும் அரசியல் சட்டம், வெளியேறும் வழியைப் பற்றி வாய் திறக்கவில்லை. தைவானோடு இருந்த பாதுகாப்பு உடன்படிக்கையை ஜிம்மி கார்ட்டர் தாமாகவே முறித்தபோது செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் வழக்குத் தொடுத்தார். 1979 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் நுழையாமலே வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தக் கதவு வழியாகத்தான், மாஸ்கோவோடு செய்துகொண்டிருந்த உடன்படிக்கைகளில் 2002இல் ஏவுகணை எதிர்ப்பு உடன்படிக்கையும் 2019இல் நடுத்தர ஏவுகணை உடன்படிக்கையும் போயின. இருந்தாலும் வேறுபாடு இருக்கிறது. முன்னதற்கு முப்பது ஆண்டு ஆயுள் கிடைத்தது, பின்னதற்கு முப்பத்தொன்று. ஈரான் உடன்பாட்டில் அமெரிக்கா மூன்று ஆண்டுகள்கூட முழுதாக நிற்கவில்லை. எதிர்க்கட்சியின் வாக்கையும் பெற்றுச் செய்ததை உடைக்க அரசியல் துணிச்சல் அதிகம் வேண்டும் என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அந்தத் தடையைச் சட்டமாகவே ஆக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது: செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதலோ காங்கிரஸின் சட்டமோ இல்லாமல் எந்த அதிபரும் நேட்டோவை விட்டு விலகக் கூடாது என்று 2023 டிசம்பரில் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்தப் பிரிவைச் செனட்டர் டிம் கெய்னோடு சேர்ந்து முன்வைத்தவர், அப்போது செனட்டராக இருந்த மார்கோ ரூபியோ. இப்போது அவரே டிரம்பின் வெளியுறவு அமைச்சர்.

இரண்டுக்கும் நடுவே, இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மையோடு சட்டமாக்கும் மூன்றாவது பாதையும் உண்டு. இந்திய–அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தம் அப்படி வந்ததுதான். 2008இல் பிரதிநிதிகள் சபையில் 298-117, செனட்டில் 86-13. இந்தியா இதன் மதிப்பைப் பட்டுத் தெரிந்துகொண்டது. தாராப்பூர் உலைக்கு எரிபொருள் தருவதாக 1963இல் ஒப்புக்கொண்ட அமெரிக்கா, 1978இல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தைக் காட்டிப் பின்வாங்கியது. 1982இல் பிரான்ஸ் அந்த இடத்துக்கு வர வேண்டியிருந்தது. காங்கிரஸைத் தொடக்கத்திலிருந்தே பங்காளியாக்காத ஒப்பந்தத்தைப் பின்னாளில் காங்கிரஸே முறிக்கலாம் என்பதை அந்த அனுபவம் காட்டியது.

இன்று இந்தத் தேர்வு உயிர்ப்பிரச்சினையாக நிற்பது உக்ரைனுக்குத்தான். தன் மண்ணில் இருந்த சோவியத் அணு ஆயுதங்களை ஒப்படைத்ததற்கு ஈடாக 1994 டிசம்பரில் அது பெற்ற பாதுகாப்பு உறுதியான புடாபெஸ்ட் குறிப்பாணை செனட்டின் வாக்கெடுப்புக்குப் போகவில்லை. 2024 ஜூனில் இத்தாலியில் பைடனும் ஜெலென்ஸ்கியும் கையெழுத்திட்ட பத்தாண்டுப் பாதுகாப்பு ஒப்பந்தமும் போகவில்லை. ஏழே மாதங்களில் ஆட்சி மாறியதும் அதன் எடை போய்விட்டது. போர் நிறுத்தத்துக்காகக் கீவ் எந்த விட்டுக்கொடுப்பைச் செய்ய நேர்ந்தாலும், பதிலாகப் பெறும் அமெரிக்கப் பாதுகாப்பு உறுதி செனட்டின் 67 வாக்குகளோடு, அல்லது குறைந்தபட்சம் இரு அவைகளின் சட்டத்தோடு வரவேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயம். அதற்குத் தாமதமாகும், கட்சிப் பிளவு இவ்வளவு ஆழமாக இருக்கையில் தோற்றும் போகலாம். ஆனால் செனட்டில் தோற்றுவிட்டால், தன் கையில் உறுதி எதுவும் இல்லை என்பது விட்டுக்கொடுப்பதற்கு முன்பே உக்ரைனுக்குத் தெரிந்துவிடும். 1994இல் அதற்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.