தென்காசிப் பக்கம் ஒத்திக்கு வீடு பார்க்கிறீர்களா? பணம் போடுமுன் இதைப் படியுங்கள்

சென்னையை விட்டுவிட்டுத் தென்காசி, சங்கரன்கோவில், ராஜபாளையம் மாதிரி ஊர்களுக்குக் குடிபோகலாம் என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். குறிப்பாக, மாத வாடகை வேண்டாம், மொத்தமாகப் பணம் கொடுத்து ஒத்திக்கு எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு. நாங்கள் 6 லட்சம் கொடுத்தோம். இதுவரை திரும்பி வந்தது ஒன்றரை லட்சம்.

வீட்டுக்காரர் பெயரையும் புரோக்கர் பெயரையும் இங்கே எழுதவில்லை. போலீஸ் வழக்கு நடக்கிறது, வக்கீல் வேண்டாம் என்கிறார். பெயர் தெரிந்தாலும் உங்களுக்குப் பெரிய பயனில்லை. இதே வேலையை வேறு பெயரில் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பள்ளிக்கரணையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 19,000 வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம். பராமரிப்பு தனி, கோடையில் தண்ணி லாரி தனி. எனக்கு வேலை வீட்டிலிருந்தே, மனைவிக்கு ஆன்லைன் டியூஷன். எங்கிருந்தாலும் சம்பளம் ஒன்றுதான் என்னும்போது எதற்கு இங்கே கிடக்க வேண்டும் என்று தோன்றியது. தென்காசியைப் பார்த்ததற்குச் சாரல் மட்டும் காரணமில்லை. எழும்பூரில் இரவு பொதிகை ஏறினால் காலையில் போய்ச் சேர்ந்துவிடலாம். 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டதால் கலெக்டர் அலுவலக வேலைக்கெல்லாம் திருநெல்வேலிக்கு ஓட வேண்டியதில்லை. மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் கம்பெனி வந்தபிறகு வெளியூர்க்காரர்களுக்கு வீடு கொடுத்துப் பழகிய ஊர் என்றும் சொன்னார்கள். அது உண்மைதான். அங்கே வாடகை ஏறியதற்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள் என்பது போனபிறகு தெரிந்தது.

குற்றாலம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு நகரில் மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் மலை. புரோக்கர் சொன்னார்: "வாடகைக்குன்னா எட்டாயிரம் சார். ஒத்தின்னா ஆறு லட்சம், மூணு வருஷம். போகும்போது முழுசா எண்ணி வாங்கிட்டுப் போங்க." மூன்று வருடம் வாடகையே இல்லை, பணமும் அப்படியே திரும்பி வரும். சென்னையிலிருந்து வருகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

காகிதங்கள் கேட்டோம். தாராளமாகக் கொடுத்தார்கள். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், பட்டா நகல், பத்திரத்தின் ஜெராக்ஸ், சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழ். எல்லாமே வீட்டுக்காரர் பெயரில், எல்லாமே உண்மையான காகிதங்கள். போலி ஒன்றுகூட இல்லை. தந்திரம் எங்கே இருந்தது என்றால், அந்த வில்லங்கம் 1985 முதல் 2019 வரைக்கும் போட்டது. வீட்டை அடமானம் வைத்தது 2021-இல். ஒரிஜினல் பத்திரம் எங்கே என்று கேட்டதற்கு, "அம்மா லாக்கர்ல இருக்கு, அவங்க மதுரையில இருக்காங்க" என்று பதில். பத்திரம் உண்மையில் வங்கியில் இருந்தது. வரி ரசீதோ பட்டாவோ கரண்ட் பில்லோ கடன் இருப்பதைக் காட்டாது. காட்டுவது வில்லங்கம்தான், அதுவும் நேற்று வரைக்கும் போட்டிருந்தால்தான்.

ஒப்பந்தம் முத்திரைத்தாளில் அடித்து, நோட்டரி முத்திரை போட்டு முடிந்தது. பதிவு செய்யலாமே என்றதற்கு, "இங்க யாரும் ஒத்தியைப் பதியறதில்லை சார், வீண் செலவு" என்றார் புரோக்கர். பலர் பதிவதில்லை என்பது நிஜம்தான். ஆனால் சட்டம் வேறு மாதிரி. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி, ஒத்தி மாதிரி வீட்டைச் சுவாதீனத்தில், அதாவது அனுபவிக்கக் கொடுத்து வாங்கும் அடமானம் 100 ரூபாய்க்கு மேல் என்றாலே இரண்டு சாட்சிகளோடு பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் அந்த வீட்டின்மேல் உங்களுக்கு அடமான உரிமை எதுவும் கிடையாது. பணம் கொடுத்ததற்கு அத்தாட்சி மட்டும்தான் கையில் மிஞ்சும்.

இன்னொன்று. பணத்தை ரொக்கமாகக் கேட்டார்கள். மாட்டேன், வங்கி வழியாகத்தான் என்று என் மனைவி உறுதியாக நின்றாள். அப்படியானால் அம்மாவின் கணக்கில் போடுங்கள், என் கணக்கில் ஏதோ லிமிட் பிரச்சினை என்றார் வீட்டுக்காரர். காரணம் பின்னால் புரிந்தது. அவர் கணக்கில் விழுந்தால் வங்கி தவணைப் பாக்கிக்கு எடுத்துக்கொள்ளும். சரி, அம்மாவின் கணக்கு எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள் என்றாள் அவள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இன்று எங்களிடம் எதுவுமே இருந்திருக்காது.

லாரி வந்தது, சாமான் இறங்கியது. இந்தக் கதையில் சொன்ன காசுக்குச் சொன்ன வேலையைச் செய்தவர் அந்த லாரிக்காரர் ஒருவர்தான்.

அடுத்த வருடம் சாரல் தொடங்கிய சமயம் வங்கியிலிருந்து ஆட்கள் வந்து வாசல் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். சர்ஃபாசி என்று சொல்கிறார்களே, அந்த 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சுவாதீன அறிவிப்பு. கடன் வாராக்கடனாகிவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி அடமானச் சொத்தை எடுத்துக்கொள்ள அது வழி செய்கிறது. முதலில் 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ், கட்டாவிட்டால் இந்த அறிவிப்பு, அதையே பத்திரிகையிலும் போடுவார்கள். பிறகு கலெக்டர் அல்லது மாஜிஸ்திரேட் உத்தரவோடு வந்து ஆளைக் காலி செய்ய வைத்துவிட்டு ஏலம். உள்ளே குடியிருப்பவன் 6 லட்சம் கொடுத்தவனா, வாடகைக்காரனா என்பது வங்கிக்குத் தேவையில்லாத விஷயம். எங்களைக் கேட்டா ஒத்திக்கு விட்டார் என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எதிர்வீட்டு ஆச்சி வந்து நோட்டீஸைப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் எனக்கு நோட்டீஸைவிடப் பெரிய அதிர்ச்சி. "இது பேங்க்ல கிடக்குன்னு தெருவுக்கே தெரியுமே தம்பி. நீங்க எல்லாம் பேசி முடிச்சுத்தானே வந்திருப்பீங்கன்னு நெனச்சோம்."

வீட்டுக்காரர் மரக்கடை வைத்து நொடித்தது, லாரியை விற்றது, வீட்டைக் கேட்டு ஆள் வந்து சத்தம் போட்டது, எல்லாம் டீக்கடைக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியும். உள்ளூர்க்காரர்கள் யாரும் எடுக்காததால்தான் அந்த வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்திருக்கிறது. ஆச்சிமேல் எனக்குக் கோபம் இல்லை. முன்பின் தெரியாத எனக்காக, மூன்று தலைமுறையாகத் தெரிந்த குடும்பத்தின் பேரத்தை அவர் ஏன் கெடுக்க வேண்டும்? நாளைக்கு ஒரு கல்யாணம், ஒரு சாவு என்றால் முகத்தில் முழிக்க வேண்டாமா? சின்ன ஊர் என்றால் ஒருவருக்கொருவர் எல்லாம் தெரியும், ஏமாற்ற முடியாது என்பார்கள். அந்த ஊர்க்காரர்களை ஏமாற்ற முடியாது, அவ்வளவுதான். அந்தப் பாதுகாப்பு வளையத்துக்குள் நீங்கள் வந்து சேர வருடங்கள் ஆகும். புரோக்கர் வெளியூர்க்காரர்களைத் தேடிப் பிடிப்பது அதனால்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். எனக்கு இதை வக்கீல்தான் போட்டுக் காட்டினார். 8,000 வாடகை வரக்கூடிய வீட்டை 6 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டால், வீட்டுக்காரர் வருடத்துக்கு 96,000 வாடகையை விட்டுக்கொடுக்கிறார். அதாவது 6 லட்சத்துக்கு 16 சதவீத வட்டி கட்டுகிறார். கையில் சுத்தமான பத்திரம் இருக்கிற ஆள் வங்கிக்குப் போனால் இதைவிட எவ்வளவோ குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். அவர் ஏன் 16 சதவீதத்துக்கு உங்களிடம் வருகிறார்? ஒன்று, பத்திரம் ஏற்கெனவே எங்கோ இருக்கிறது. இல்லையென்றால் எந்த வங்கியும் அவருக்குத் தர மறுத்துவிட்டது. சொந்தக்காரர்களுக்குள், தெரிந்தவர்களுக்குள், மகள் கல்யாணத்துக்கு, பையன் படிப்புக்கு என்று ஒத்திக்கு விட்டு நாணயமாகத் திருப்பிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவர் ஒத்திக்கு வீடு தருகிறார் என்றால் நீங்கள் அங்கே குடித்தனக்காரர் இல்லை, கடன் கொடுப்பவர். வாடகை எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் இந்த ஆளுக்கு 6 லட்சம் கடன் கொடுப்பேனா என்று பாருங்கள்.

நோட்டீஸுக்குப் பிறகு நடந்தது வழக்கமான அலைச்சல். வீட்டுக்காரர் முதலில் போனை எடுத்தார், அப்புறம் எடுக்கவில்லை. புரோக்கர், "நான் கமிஷனுக்கு வீடு காட்டினவன் சார், என்னை ஏன் கேக்கீங்க" என்றார். காவல் நிலையத்தில், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்ததும் அது மறுபடி போலீஸுக்கே வந்தது.

நிலைமையை மாற்றியது கதவில் ஒட்டிய அதே காகிதம்தான். சுவாதீன அறிவிப்பில், முன்னால் அனுப்பிய 60 நாள் நோட்டீஸின் தேதியையும் தொகையையும் அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தேதி எங்கள் ஒப்பந்தத் தேதிக்கு முந்தியது. வீடு கைவிட்டுப் போகப்போகிறது என்று எழுத்தில் தெரிந்தபிறகுதான் எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார். வாங்கிய பணத்தைப் பின்னால் கொடுக்க முடியாமல் போனால் அது சிவில். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால் அது மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு. இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மாவட்டக் குற்றப் பிரிவில் கொடுத்தபிறகுதான் வழக்குப் பதிவானது. பதிவான பிறகுதான் அந்த ஒன்றரை லட்சமும் வந்தது. உங்களுக்கு இப்படி நடந்தால் அந்த நோட்டீஸைக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள், போட்டோ எடுத்து வையுங்கள்.

மதுரையில் இருக்கிற கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். குடியிருப்பவரும் மனுப் போட முடியும், 45 நாளுக்குள் போட வேண்டும். எங்கள் ஒப்பந்தம் அடமானத்துக்குப் பின்னால் வந்தது, பதிவும் இல்லை, கொஞ்சம் அவகாசம் வாங்கலாமே தவிர வீடு நிற்காது என்று வக்கீல் சொன்னார். நாங்கள் போகவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு சிவில் வழக்கும் போட்டிருக்கிறோம். அதற்கு மூன்று வருடம்தான் கெடு. போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று அதை விட்டுவிடக் கூடாது.

ஊரை விட்டு நாங்கள் போகவில்லை. இப்போது இதே தென்காசியில் 7,500 வாடகைக்கு இருக்கிறோம். உண்மையில் புதிதாக வருகிற யாரும் முதல் ஆறு மாதமாவது இப்படி வாடகைக்கு இருந்து பார்ப்பதுதான் நல்லது. அதற்குள் எந்த வீடு எந்த நிலைமையில் இருக்கிறது என்று டீக்கடையிலேயே காதில் விழ ஆரம்பித்துவிடும். ஒத்திதான் வேண்டும் என்றால் சர்வே எண்ணை வாங்கி, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை நீங்களே இன்றைய தேதி வரை பாருங்கள், பார்ப்பதற்குக் காசு கிடையாது. புரோக்கர் தருகிற நகலை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அதில் 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்று ஒரு பதிவு இருந்து, அதற்குப் பின்னால் கடன் அடைந்ததற்கான 'ரசீது' பதிவு இல்லையென்றால் பத்திரம் வங்கியில் இருக்கிறது என்று அர்த்தம். நிலம் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டிலும் தேடுங்கள். ஒரிஜினலைக் கண்ணால் பாருங்கள், பதிவு அலுவலகத்தில் பதியுங்கள். "வீண் செலவு" என்று யாராவது சொன்னால் அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள். அப்போது முகம் எப்படிப் போகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அதே புரோக்கர் இப்போது இன்னொரு வீட்டுக்கு விளம்பரம் போட்டிருக்கிறார். மலை தெரியும் மாடி வீடு, ஒத்தி 5 லட்சம், வெளியூர்க் குடும்பங்களுக்கு முன்னுரிமை. உங்கள் கண்ணில் பட்டால் முதலில் சர்வே எண்ணைக் கேளுங்கள். வேறொரு போனிலிருந்து நான் கேட்டேன், நேரில் வாங்க பேசிக்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.