மூன்று மாதம் குடித்த கொலாஜன் பெப்டைடு பவுடர்

கொலாஜன் என்பது விலங்குகளின் தோலிலும் மூட்டிலும் இருக்கும் புரதம்; அதைப் பெப்டைடு எனப்படும் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்ததுதான் இந்தப் பவுடர். முழங்கால் வலிக்கும் முகச் சுருக்கத்திற்கும் நல்லது என்று மருந்துக்கடையில் சொன்னதை நம்பி, 250 கிராம் டப்பா 1,200 ரூபாய் வீதம் நான்கு டப்பாக்கள் வாங்கி, தினமும் பத்து கிராம் குடித்து முடித்தேன். வெந்நீரில் கட்டி தட்டாமல் கரைகிறது. காபியில் கலந்தால் தெரியாத மீன் வாடை, வெறும் தண்ணீரில் இலேசாக எட்டிப் பார்க்கிறது. வலி சற்றுக் குறைந்தது உண்மைதான், ஆனால் அதே மாதங்களில்தான் காலை நடைப்பயிற்சியையும் தொடங்கியிருந்தேன் என்பதால், அந்தப் பெருமையைப் பவுடருக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

டப்பாவின் மேல் ‘மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. எந்த ஆய்வு என்று மின்னஞ்சலில் கேட்டபோது வந்த பதிலில் இருந்தது, வேறொரு நிறுவனத்தின் மூலப்பொருளை வைத்து நடத்திய ஆய்வு.

கொலாஜன் குடலில் பெரும்பாலும், எல்லாப் புரதங்களுக்கும் அடிப்படையான அமினோ அமிலங்களாக உடைந்துவிடுகிறது. இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட சில துண்டுகள் மட்டும் இரத்தத்தில் சேர்வது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது என்றாலும், இரத்தத்தில் சேர்வது வேறு, சுருக்கம் மறைவது வேறு. 23 ஆய்வுகளையும் 1,474 பங்கேற்பாளர்களையும் ஒன்றாகத் தொகுத்து 2025இல் வெளியான பகுப்பாய்வு ஒன்றில், மொத்தமாகப் பார்த்தால் சருமத்தின் ஈரப்பதமும் நெகிழ்வும் கூடியதாகத் தெரிந்தது. நிறுவனங்களின் பணம் பெறாத ஆய்வுகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோதோ அந்தப் பலன் காணாமல் போனது. மூட்டு நலனுக்கான கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இலேயே ஏற்க மறுத்துவிட்டது.

எடை குறைக்கப் போடும் ஊசி மருந்தான செமாகுளுடைடும் பெப்டைடுதான். ஆனால் 1,961 பேரிடம் 68 வாரங்கள் நடந்த சோதனையில், அந்த ஊசி போட்டவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதமும், மருந்தில்லாத ஊசி போட்டவர்களின் எடை 2.4 சதவீதமும் குறைந்தன. அந்த மருந்து உழைத்துச் சம்பாதித்த நம்பிக்கையை, பெயர் ஒற்றுமையை வைத்தே இந்த டப்பா கடன் வாங்கிக்கொள்கிறது.

புரதத்திற்காக வாங்குவதாக இருந்தாலும் யோசிக்க வேண்டும், ஏனெனில் கொலாஜனில் டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அறவே இல்லை; அதைவிட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ மேல், விலையும் குறைவு. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன், அதுவும் கட்டி தட்டாமல் கரைவதற்காக. வாங்கும் முன் டப்பாவைத் திருப்பி, மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் மூலப்பொருள் பட்டியலையும், சைவ உணவுக்காரர்கள் அசைவத்தைக் குறிக்கும் அந்தச் சிறிய பழுப்பு முக்கோணத்தையும் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.