கிழக்காசியக் கடல்களின் சுவர் வரைபடம்: நூல் வைத்து அளந்து பார்த்தேன்

எந்த வரைபடம் வாங்கினாலும் முதலில் தகராறு உள்ள இடங்களைத்தான் பார்ப்பேன். இருபது வருடமாகப் புவியியல் நடத்துகிறவள், பழக்கதோஷம். இணையத்தில் வாங்கிய இந்த லேமினேட் வரைபடம் ஹொக்கைடோவிலிருந்து நதுனா தீவுகள் வரை ஒரே தாளில் காட்டுகிறது. 1 செ.மீ.க்கு 50 கி.மீ. என்ற அளவு.

தென்சீனக் கடல் பகுதிக்கு முழு மதிப்பெண். ஒரு நாடு தன் கரையிலிருந்து மீன், எண்ணெய் போன்ற வளங்களுக்கு உரிமை கோரக்கூடிய எல்லையான 200 கடல் மைல் என்பது சுமார் 370 கி.மீ., அதாவது இங்கே 7.4 செ.மீ. அந்த நீளத்துக்குத் தையல்நூல் வெட்டி, பிலிப்பைன்ஸின் பலாவான் தீவுக் கரையில் ஒரு முனையை வைத்து மாணவர்களை அளக்கச் சொன்னேன். பிலிப்பைன்ஸும் சீனாவும் உரிமை கோரும் இரண்டாம் தாமஸ் திட்டு பாதி நூலிலேயே வந்துவிட்டது. 1999-ல் பிலிப்பைன்ஸ் அங்கே வேண்டுமென்றே தரைதட்ட வைத்த பழைய போர்க்கப்பல் சியரா மாட்ரேவுக்கு ஒரு குட்டி நங்கூரக் குறி. அதே திட்டைச் சீனாவின் ஹைனான் தீவிலிருந்து அளந்தால் மூன்று நூல் நீளம் போகிறது. "அப்புறம் எப்படி மிஸ் அவங்க கேக்கறாங்க?" என்றான் ஒருவன். அதற்குத்தான் தென்சீனக் கடலில் தன் உரிமையைக் காட்டச் சீனா வரைந்த, துண்டு துண்டான அந்தக் கோடு. 1947-ல் 11 துண்டாக இருந்தது, பிறகு ஒன்பதானது, சீனா 2023-ல் வெளியிட்ட வரைபடத்தில் தைவானுக்குக் கிழக்கே ஒன்று சேர்ந்து பத்து. மூன்றையும் மூன்று சாயத்தில் போட்டிருக்கிறார்கள், கண்ணைக் குழப்பவில்லை.

பிலிப்பைன்ஸ் சீனா மீது தொடர்ந்த வழக்கில் சர்வதேச நடுவர் தீர்ப்பாயம் தந்த 2016 ஜூலை 12 தீர்ப்பைப் பற்றிய அடிக்குறிப்பும் சரியாக இருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் சீனா கோரும் வரலாற்று உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்பாயம் சொன்னது. எந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை. செய்திகளில் இந்த இரண்டாவது பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

இனி குறைகள். கூட்டணிகளைக் காட்டும் தடித்த நீலக் கோடுதான் பெரிய சறுக்கல். வாஷிங்டனிலிருந்து டோக்கியோ, சியோல், மணிலாவுக்குப் போகிற அதே தடிமனில் தைபேக்கும் ஒரு கோடு! 1954-ல் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் 1980-ன் தொடக்கத்தோடு முடிந்துபோன கதை. இப்போது இருப்பது 1979-ல் அமெரிக்கா இயற்றிய தைவான் உறவுச் சட்டம். தைவானுக்குத் தற்காப்பு ஆயுதம் தருவதற்கு அதில் இடம் உண்டு, போர் வந்தால் வந்து நிற்போம் என்ற உறுதிமொழி கிடையாது. 1951 ஒப்பந்தம் உள்ள பிலிப்பைன்ஸையும் தைவானையும் ஒரே கோட்டில் கட்டினால் பிள்ளைகள் மனதில் என்ன பதியும்? புள்ளிக்கோடாகவாவது போட்டிருக்கலாம். எதிர்ப்பக்கத்துச் சிவப்புக் கோடுகளில் பெய்ஜிங்–பியோங்யாங் 1961 ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் 2024 ஜூனில் புடினும் கிம்மும் கையெழுத்திட்டது இல்லை. 2025 பதிப்பு என்று மூலையில் அச்சிட்டுவிட்டு இதை விடலாமா?

ஜப்பான் வசமிருந்தாலும் சீனாவும் தைவானும் உரிமை கோரும் சென்காகு தீவுகளுக்கு வரிவரியான நிறம், நல்லது. வடக்கே போனால் தெற்குக் குரில் தீவுகள் முழுக்க ரஷ்ய நிறத்தில், ஒரு குறிப்பு கூட இல்லை. அந்த நான்கையும் ஜப்பான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதனாலேயே இரு நாட்டுக்கும் இடையே சமாதான ஒப்பந்தம் கூட ஆகவில்லை. ஓரிடத்தில் ஒரு நியாயம், இன்னோரிடத்தில் வேறா?

முதலில் வந்த தாள் குழாய்க்குள் நசுங்கி, லூசோன் மேலேயே மடிப்பு விழுந்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன், நான்கு நாளில் மாற்றிக் கொடுத்தார்கள், பேரம் ஏதும் இல்லை.

ஐந்துக்கு மூன்றரை. தைபே கோட்டின் மேல் வெள்ளை டேப் ஒட்டிவிட்டேன். குரில் பக்கத்தில் மார்க்கரால் என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு. லேமினேட் என்பதால் மை நிற்கமாட்டேன் என்கிறது, நிரந்தர மார்க்கராகப் பார்த்து வாங்குங்கள்.