‘ஸ்பீட் கேரண்டி’ என்று விற்ற டிஸ்க் பெட்டி: பினாங்கு வீடியோக்காரர்கள் கவனத்துக்கு

தைப்பூசத்துக்கு முன்னால் புது ஸ்டோரேஜ் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம்.

போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு அரங்கேற்றத்துக்கு நான்கு கேமரா வைத்தோம். அதற்காகவே தீவுப் பக்கம் ஒரு கடையில் நான்கு டிஸ்க் போட்ட ரெய்ட் 5 பெட்டி (நான்கையும் ஒரே டிஸ்க் போலச் சேர்த்து, ஒன்று செத்தாலும் பதிவு தப்பும்படி வைப்பது) வாங்கினேன். விலை 4,800 வெள்ளி. தேவையைத் தாளில் எழுதியே கொடுத்தேன்: 1080, நொடிக்கு 50 ஃப்ரேம், புரோரெஸ் 422 எச்கியூ என்ற வீடியோ ஃபார்மெட். ஒரு கேமராவுக்கு நொடிக்குச் சுமார் 46 மெகாபைட், நான்குக்கும் சேர்த்து 184. அதுவும் நிற்காமல், இரண்டரை மணி நேரம்.

“தம்பி, 400 கேரண்டி. பில்லிலேயே எழுதித் தர்றேன்” என்றார் கடைக்காரர். நம் ஆள்தான். எழுதியும் கொடுத்தார். என் கண் முன்னாலேயே டெஸ்ட் ஓட்டினார், 410 காட்டியது. 5 ஜிபி ஃபைல் வைத்து ஓட்டிய டெஸ்ட் அது. 5 ஜிபி என்பது எங்கள் வேலையில் 27 நொடி. டிஸ்க்கும் காலியாக இருந்தது. ஹார்ட்டிஸ்க் முதலில் வெளி ஓரத்தில் எழுதும், அங்கேதான் வேகம் அதிகம். நிரம்ப நிரம்ப உள்ளே போகும்போது வேகம் பாதிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை.

அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம் மூன்றும் நல்லபடியாகப் பதிவாயின. ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் ரெக்கார்டிங்கை நிறுத்துவோம். வர்ணம் 38 நிமிடம், நடுவில் நிறுத்த முடியாது. பதினைந்தாவது நிமிடத்தில் ‘ஃப்ரேம் விடுபட்டது’ என்று சிவப்பு எழுத்து வந்தது. அப்புறம் நான்கு கேமராவும் ஒன்றாக நின்றன. திரும்ப ஓட்டினால் சில நொடியில் மறுபடி நிற்கிறது. வேகத்தைப் பார்த்தால் 30, 25. இரண்டு கேமராவில் கார்டிலும் பதிவு செய்துகொண்டிருந்ததால் தூரக் காட்சி தப்பியது. முகத்தை நெருக்கமாகப் பிடித்த கேமராவில் 11 நிமிடம் போய்விட்டது. வர்ணத்தின் சஞ்சாரியில், அதாவது அபிநயத்தால் கதையை விரிக்கும் பகுதியில், அந்தப் பிள்ளை கண்ணாலேயே கதை சொன்ன இடம் அது. எட்டு வருடம் கற்றுக்கொண்டு ஆடிய பிள்ளையின் அம்மாவிடம் நான் என்ன சொல்வது?

மறுநாள் டிரேயை உருவிப் பார்த்தேன். டிஸ்க்கின் மாடல் எண் இருக்கும் இடத்தில் சரியாகக் கடையின் வாரண்டி ஸ்டிக்கர். கிழித்தால் வாரண்டி போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது. கிழித்தேன். கொட்டேஷனில் சர்வருக்கான டிஸ்க் என்று போட்டுவிட்டு, உள்ளே சாதாரண மேசைக் கணினி டிஸ்க் வைத்திருக்கிறார். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் தேடினால் எஸ்எம்ஆர் என்று இருக்கிறது.

எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் அடுத்தடுத்த தடங்களையும் எழுத வேண்டும். அதனால் வருவதை முதலில் ஒரு சிறிய பகுதியில் வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது ஒழுங்குபடுத்தும். எங்கள் சிறிய உருப்படிகளுக்கு நடுவில் அந்த ஓய்வு கிடைத்தது. வர்ணத்தில் கிடைக்கவில்லை. பெரிய தயாரிப்பாளர்களே சில மாடல்களில் இதைச் சொல்லாமல் விற்றதை 2020-இல்தான் ஒப்புக்கொண்டார்கள். ஆக, பெட்டியின் மேல் போட்டிருப்பதை நம்பாதீர்கள், மாடல் எண்ணைக் கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மேசைக் கணினி டிஸ்க் படிக்க முடியாத இடத்தில் விடாமல் திரும்பத் திரும்ப முயலும். ரெய்டுக்கான டிஸ்க்குகளில் அதைப் பொதுவாக 7 நொடியோடு நிறுத்துவார்கள். நமக்கு ஒரு ஃப்ரேம் 20 மில்லி நொடி. 7 நொடி என்றால் 350 ஃப்ரேம். சிலிக்கான் கிராஃபிக்ஸ் என்ற கணினி நிறுவனம் 1990-களிலேயே ஐரிக்ஸ் என்ற தன் இயங்குதளத்தில், ஒரு நிரல் தனக்கு வேண்டிய வேகத்தை முன்கூட்டியே கேட்டு ஒதுக்கி வாங்கும் ஏற்பாட்டைச் செய்திருந்தது. அதற்கே, டிஸ்க் தானாகத் திரும்ப முயல்வதை அணைத்துவிட வேண்டும், அந்த இணைப்பில் வேறு வேலை நடக்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. வேகத்துக்கு உத்தரவாதம் என்றால் அதுதான். 27 நொடி டெஸ்ட் இல்லை.

பில்லோடு கடைக்குப் போனேன். “கேரண்டின்னா டிஸ்க் செத்துப்போனா மாத்தித் தருவேன். சாகலையே தம்பி” என்றார். ஸ்டிக்கரைக் கிழித்ததையும் காட்டினார். மூன்று தடவை அலைந்த பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு 1,200 வெள்ளி கொடுத்தார். மீதி வரவில்லை.

இப்போது கடையிலேயே மாடல் எண்ணைப் பார்க்கிறேன், சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத டிஸ்க்) என்றால் மட்டும் வாங்குகிறேன். பெட்டியை முக்கால்வாசி நிரப்பிவிட்டு, நான்கு ஃபைலை ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் எழுத வைத்து, அதில் வந்த மிகக் குறைந்த வேகத்தை மட்டும் குறித்துக்கொள்கிறேன். இதற்குக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

நான் திருப்பிக் கொடுத்த அதே பெட்டி தைப்பூச ரத ஊர்வலம் எடுக்கப்போகும் ஒரு குழுவுக்குப் பேசப்படுவதாகக் கேள்விப்பட்டேன். கறுப்புப் பெட்டி, நான்கு டிரே, இரண்டாவது டிரேயின் பிடியில் நான் திருகாணி போட்டபோது விழுந்த கீறல் இருக்கும். யாராவது காட்டினால், காசு கொடுப்பதற்கு முன் எனக்குச் சொல்லுங்கள்.