இரண்டரை மடங்கு விலை கொடுத்த ரைஃபிள், எட்டு மாதம் கழித்து

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் ஆறு வருடமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன், சனி ஞாயிறுகளில் ரேஞ்சுக்குப் போகிறேன். 43 வயதில் என்னை எந்த அணியிலும் எடுக்கப்போவதில்லை, அந்த ஆசையும் இல்லை. அப்படிப்பட்டவள், கையில் ஓடிக்கொண்டிருந்த ரைஃபிளை விட்டுவிட்டு இரண்டரை மடங்கு விலையில் இன்னொன்றை வாங்கினேன். "இதெல்லாம் தேவையா அக்கா?" என்று ரேஞ்சில் கேட்காத பிள்ளை இல்லை. அப்போது பதில் தெரியவில்லை. இப்போது நோட்டு நிறைய எண்கள் இருக்கின்றன.

கம்பெனி பெயர் சொல்லாமலே எழுதுகிறேன். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ், ஸ்டெயர் என்று எதை எடுத்தாலும் அடிப்படையில் கதை ஒன்றுதான். கீழ்த்தட்டில் எளிமையான ஸ்டாக்குடன் (தோளிலும் கன்னத்திலும் பதிகிற உடற்பகுதி) ஒரு மாடல், மேல்தட்டில் எல்லாப் பக்கமும் திருகித் திருத்தக்கூடிய அலுமினிய ஸ்டாக்குடன் ஒரு மாடல். பல சமயம் இரண்டுக்கும் உள்ளே இருக்கும் பேரல், அதாவது குழல், ஒரே வகைதான். அப்படியென்றால் கூடுதல் பணம் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

முதலில் துல்லியம், ஏனென்றால் விற்பவர் முதலில் பேசுவது அதைத்தான். டார்கெட்டின் நடுவில் இருக்கும் பத்து என்பது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. பென்சில் முனையை ஒருமுறை வைத்து எடுத்தால் விழுகிற அளவு. 4.5 மி.மீ. பெல்லட், அதாவது ஏர் ரைஃபிள் குண்டு, அதைத் தொட்டாலே 10.0 வந்துவிடும், அதாவது பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 2.5 மி.மீ. வரை தள்ளியிருக்கலாம். அங்கிருந்து உள்ளே போகப்போக ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் 0.1 கூடும். 10.9 வேண்டுமென்றால் மையம் நடுவிலிருந்து 0.25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஒரு போட்டியின் 60 குண்டுக்கு அதிகபட்சம் 654. உலக அளவில் முன்னால் நிற்பவர்கள் தகுதிச் சுற்றில் 630ஐ ஒட்டிச் சுடுகிறார்கள். பழைய ரைஃபிளில் என் சராசரி 598. ஒரு குண்டுக்குப் பத்தை விடக் கொஞ்சம் கம்மி. தோராயமாகச் சொன்னால் நான் நடுவிலிருந்து சராசரியாக 2.5 மி.மீ. தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரேஞ்சில் ஒரு பழைய வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடி) இருக்கிறது. தாடைகளில் தடித்த ஃபெல்ட் ஒட்டி இரண்டு ரைஃபிளையும் மாற்றி மாற்றிப் பூட்டி, ஐந்தைந்து குண்டாகப் பல அட்டைகள் சுட்டேன். ஒரே டப்பா பெல்லட், தலை அளவு (முன்பகுதியின் விட்டம்) 4.50 மி.மீ. கூட்டத்தின் மையத்திலிருந்து சராசரி விலகல் புதியதில் 0.5 மி.மீ., பழையதில் 0.8 மி.மீ. "பார்த்தீங்களா!" என்று கோச் சார் சிரித்தார். பிறகு பழையதற்குத் தலை அளவு 4.49 பெல்லட்டைப் போட்டுப் பார்த்தோம். 0.6க்கு இறங்கிவிட்டது. இரண்டரை மடங்கு விலை பிடித்த இடைவெளியில் பெரும்பங்கை ஒரு டப்பா பெல்லட் அடைத்துவிட்டது. நான்கு வருடம் ஒரே அளவு பெல்லட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதை நினைத்து அன்றைக்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

சரி, அந்த 0.8க்கும் 0.5க்கும் உள்ள வித்தியாசம் எனக்கு எத்தனை புள்ளி? கை ஆட்டத்தையும் ரைஃபிளின் விலகலையும் நேராகக் கூட்டக் கூடாது. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பெரிய தவறு சின்னதை விழுங்கிவிடும். என் கை 2.5 மி.மீ. ஆடுகிறது என்று வைத்தால் பழைய ரைஃபிளோடு சேர்த்து 2.62, புதியதோடு 2.55. வித்தியாசம் 0.07 மி.மீ. 60 குண்டுக்கும் சேர்த்து இரண்டு புள்ளிகூடத் தேறவில்லை. ஒரு மி.மீ. சொச்சம் மட்டுமே ஆடுகிற கைக்கு அதே ரைஃபிள் மூன்று நான்கு புள்ளி தரும். அந்த உயரத்தில் மூன்று புள்ளி என்பது இறுதிச் சுற்றுக்குப் போவதா, வீட்டுக்குப் போவதா என்கிற விஷயம். எனக்கு அது மழை பெய்த நாளுக்கும் பெய்யாத நாளுக்கும் உள்ள வித்தியாசம்.

எங்கள் ரேஞ்சில் ஒரு பெரியவர் ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் வைத்திருக்கிறார். 1970களின் வடிவம், ஸ்பிரிங் ரைஃபிள். சுடும்போது மேல்பகுதி முழுக்கத் தண்டவாளத்தில் நழுவுவதுபோல் பின்னால் போய் உதையை வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு குண்டுக்கும் பக்கத்தில் இருக்கும் லீவரை இழுத்துப் பூட்ட வேண்டும். அதை வைத்துக்கொண்டு அவர் மாதத்தில் இரண்டு முறையாவது என்னை ஜெயிக்கிறார். பத்து மீட்டரில் குண்டை ஒரே ஓட்டையில் போடும் வித்தை எவ்வளவு பழையது என்பதற்கு அவரைப் பார்த்தால் போதும்.

துல்லியத்துக்காக என்றால் வாங்கியிருக்கவே மாட்டேன். வாங்கியது என் கழுத்துக்காக.

எனக்குக் கழுத்து நீளம், தோள் சரிவு. நின்று சுடும்போது இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், ஸ்டாக்கின் பின்முனையான பட் பிளேட் தோள் குழியில் பதிய வேண்டும், கன்னம் அதைத் தாங்கும் சீக் பீஸில் விழுந்த இடத்திலேயே கண் பின் சைட்டின் துளைக்கு நேராக இருக்க வேண்டும். இந்த மூன்றும் பழையதில் ஒருநாளும் ஒன்றாக நடந்ததில்லை. சீக் பீஸை உச்சத்துக்கு ஏற்றியும் போதவில்லை. ஒரு ரப்பர் செருப்பின் அடியை வெட்டி, இரண்டு அடுக்காக வைத்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தேன். வியர்த்தால் டேப் நழுவும். முப்பதாவது குண்டுக்கு மேல் தலையைக் குனிந்து குனிந்து பின்கழுத்தில் ஒரு நரம்பு இழுக்கும். இழுக்க ஆரம்பித்ததும் அவசரம் வரும், அவசரம் வந்ததும் 9.2, 9.4 என்று திரையில் விழும். என் நோட்டைப் புரட்டினால் முதல் 30 குண்டுக்கும் கடைசி 30 குண்டுக்கும் நடுவில் ஐந்தாறு புள்ளி சரிந்திருக்கும். பயிற்சி போதவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதியதில் சீக் பீஸ் மேலே கீழே போகும், பக்கவாட்டில் நகரும், சாயவும் செய்யும். பட் பிளேட்டை ஏற்றலாம், இறக்கலாம், திருப்பலாம், வளைவையே மாற்றலாம். கைப்பிடி கூடச் சுழலும். இடது கை தாங்கும் பகுதியை உயர்த்தினால் முழங்கை தானாக இடுப்பைத் தேடிப் போய் உட்கார்கிறது. முதல் நாள் கடையில் அதை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, கன்னத்தை இறக்கிக் கண்ணைத் திறந்தேன். முன் சைட்டின் வளையத்துக்குள் டார்கெட்டின் கறுப்பு வட்டம் நடுவில் நின்றது, சுற்றிலும் ஒரே அகலத்தில் வெள்ளை. கழுத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆறு வருடத்தில் முதல் முறை.

ஆனால் இத்தனை திருகாணி இருப்பதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. திருகாமல் இருக்க முடியாது. முதல் இரண்டு மாதம் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஆலன் கீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இன்றைக்கு அரை மி.மீ. மேலே, நாளைக்கு ஒரு டிகிரி உள்ளே. சராசரி 591க்கு விழுந்தது. இரண்டரை மடங்கு கொடுத்து ஏழு புள்ளி இழந்திருக்கிறாள் என்று ரேஞ்சில் கணக்குப் போட்டுச் சொன்னவர்களும் உண்டு. கடைசியில் கோச் சார் ஆலன் கீயை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, "மூணு வாரத்துக்கு இதைத் தொடக் கூடாது" என்றார். அதற்குப் பிறகுதான் ரைஃபிள் எனக்குப் பழகியது. ஸ்கேல் எண்கள் எறும்பு அளவில் அச்சாகியிருக்கின்றன, என் வயதுக்கு லென்ஸ் வேண்டும். அதனால் ஒவ்வொரு இணைப்பிலும் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒரு போட்டியில் 38வது குண்டில் பட் பிளேட் லேசாக நழுவியது. இறுக்காமல் விட்டது நான்தான். கோடு விலகியிருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

ட்ரிகரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நான் எதிர்பார்க்காத லாபம் அங்கேதான் வந்தது. ஏர் பிஸ்டலில் ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்று விதி. ரைஃபிளில் அப்படி ஒரு கீழ்வரம்பு கிடையாது. என்னுடையதை 80 கிராமில் வைத்திருக்கிறேன். பழையதும் ஏறக்குறைய அதே எடைதான், ஆனால் ட்ரிகர் லேசாக நகர்கிற முதல் கட்டம் முடிந்து, குண்டை விடுகிற இரண்டாம் கட்டம் எங்கே தொடங்குகிறது என்று விரல் துழாவும். புதியதில் அந்த இடம் சுவர்போல நிற்கிறது. விரலை அங்கே சாய்த்துவிட்டு, வட்டம் அமைதியாகும்வரை காத்திருக்கலாம். அமைதியாகவில்லை என்றால் பயமில்லாமல் விரலை எடுத்துவிட்டு ரைஃபிளை இறக்கலாம். சுடாமல் இறக்குகிற குண்டுகளின் எண்ணிக்கை எனக்கு இரண்டு மடங்காகிவிட்டது. 9.3 ஆகியிருக்க வேண்டிய பல குண்டுகள் இப்படித்தான் நடக்காமலே போயின. 60 குண்டுக்கு 75 நிமிடம் என்பதால் நேரம் இடிக்கவும் இல்லை.

உதையை உள்ளேயே வாங்கிக்கொள்ளும் அப்சார்பர் என்று ஒன்று உண்டு, வால்வு திறக்கும்போது எதிர்ப்பக்கம் நகர்கிற ஒரு சின்ன எடை. கையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. முன் சைட்டைப் பார்த்தால் தெரிகிறது, பழையதில் வட்டம் ஒரு துள்ளல் துள்ளும், இதில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நிறம், கார்பன் பூச்சு, எலெக்ட்ரானிக் ட்ரிகர் இதற்கெல்லாம் கூடுதலாகக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வாங்கும்போது பலர் பார்க்காத ஒன்று காற்று சிலிண்டர். 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கிற பாத்திரம் அது. அதன் மேல் தேதி பொறித்திருக்கும், பயன்படுத்தும் காலத்துக்குத் தயாரிப்பாளர் ஒரு வரம்பும் வைத்திருப்பார். இரண்டாம் கை ரைஃபிள் மலிவாகக் கிடைத்தால் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். சிலிண்டரை மாற்றும் செலவைச் சேர்த்தால் அந்த மலிவு பாதியாகிவிடும். எனக்கு ஒருவர் இப்படித்தான் ஒன்றைத் தள்ளிவிடப் பார்த்தார்.

இப்போது என் சராசரி 607. ஒன்பது புள்ளி ஏறியிருக்கிறது. இத்தனை பணம் போட்டோமே என்ற பயத்தில் வாரம் இரண்டு நாள் போனவள் மூன்று நாள் போகிறேன், அதற்கும் இதில் பங்கு இருக்கும். அதனால் ஒரு காரியம் செய்தேன். பழைய ரைஃபிளுக்கு 4.49 பெல்லட், தச்சரிடம் சொல்லி உயரமாகச் செதுக்கிய ஒரு மரச் சீக் பீஸ், ட்ரிகரைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மூன்று வாரம் அதில் மட்டும் சுட்டேன். சராசரி 603.

ஆக, கூடுதல் பணம் எனக்கு வாங்கித் தந்தது நான்கு புள்ளி. மீதி ஐந்தும் ஒரு தச்சர், ஒரு டப்பா பெல்லட், ஒரு கூடுதல் நாள் பயிற்சி இவற்றிலேயே கிடைத்திருக்கும். அந்த விலை வித்தியாசத்தில், நான் சுடுகிற வேகத்துக்கு ஐந்து வருடத்துக்கான பெல்லட் வாங்கியிருக்கலாம்.

வாங்கியதற்கு வருத்தமா என்றால் இல்லை. அறுபதாவது குண்டிலும் கழுத்து இழுக்காமல் நிற்பது எனக்குப் புள்ளியில் அடங்காத சந்தோஷம், அதற்காகவே இன்னொரு முறையும் வாங்குவேன். ஆனால் 580க்கும் 600க்கும் நடுவில் இருப்பவர் யாராவது கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். சுடும்போது போடுகிற கோட்டு தொளதொள என்றிருந்தால் முதலில் அதை மாற்றட்டும், மூன்று அளவு பெல்லட் சோதிக்கட்டும், ஸ்டாக் உடம்புக்கு எங்கே இடிக்கிறது என்று ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துப் பார்க்கட்டும். 615ஐத் தாண்டியவர் என்னைக் கேட்கவே வேண்டாம், அவருக்கே தெரியும். வளர்கிற பிள்ளைகளுக்கு வாங்குகிற பெற்றோர் மட்டும் விதிவிலக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடம்பு மாறும்போது, திருகித் திருத்துகிற ஸ்டாக்தான் மலிவு.

பழையதை விற்கவில்லை. ரேஞ்சுக்குப் புதிதாக வருகிற பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்குச் சுடக் கொடுத்திருக்கிறேன். மரச் சீக் பீஸைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தேன், அவளுக்குக் கழுத்து கட்டை. போன ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றாள். "அக்கா, சீக் பீஸை அடி வரைக்கும் இறக்கிட்டேன், இன்னும் உசரமா இருக்கு. கொஞ்சம் இழைச்சுக்கவா?" பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தே விட்டாள்.