திருப்பாதிரிப்புலியூர் வீடா, புதுச்சேரி முதியோர் குடியிருப்பா?

அம்மாவுக்கு 76 வயது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. மற்றபடி சமையல், துணி, வங்கி எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறார். அப்பா காலமான பிறகு இரண்டு வழிகள் இருந்தன: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள சொந்த வீட்டிலேயே தொடர்வது, அல்லது புதுச்சேரி நகருக்கு வெளியே முதியோருக்கென்றே கட்டிய அடுக்ககத்தில் சேர்வது. என் வீட்டுக்கு வருவது என்ற பேச்சை எடுத்தபோதே அம்மா வேண்டாம் என்று கையை உயர்த்திவிட்டார். கடைசியில் சொந்த வீடுதான் என்று முடிவானது. ஆகவே இந்த அலசலில் தராசு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

அடுக்ககத்தின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: மூன்று வேளைச் சாப்பாடு, லிப்ட், ஜெனரேட்டர், கட்டில் அருகே அழைப்பு மணி. செலவு அதிகம், முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பி வரும் என்ற பகுதியை இருமுறை படித்தபிறகே கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் என்னைத் தயங்கவைத்தது வாசல். கேட்டைத் தாண்டினால் லாரிகள் பறக்கும் சாலை, நடைபாதை இல்லை. அரை முழம் பூ வாங்கவும் வண்டிக்குச் சொல்லிவைக்க வேண்டும். யோகா, பஜனை, கேரம் எல்லாம் உள்ளே உண்டு. நேரம் மட்டும் அவர்கள் வைத்ததுதான்.

யாரையும் கேட்காமல் தனியே போய்த் தனியே திரும்ப முடியுமா? என் கணக்கில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அம்மா காலையில் போடும் மாத்திரைகளில் ஒன்று சிறுநீரைப் பிரியவைப்பது. அதைப் போட்டுவிட்டால் இரண்டு மணி நேரம் தெருவில் இறங்க மாட்டார். அதற்குப் பிறகும் கழிப்பறை எவ்வளவு தூரம் என்பதை வைத்தே போகும் இடத்தை முடிவு செய்வார். வயதானவர்கள் பலர் கல்யாணத்துக்குக்கூட வர மறுப்பது ஏன் என்பது எனக்கு அதன்பிறகுதான் விளங்கியது. பாடலீஸ்வரர் கோயில் பத்து நிமிட நடை; அவசரமென்றால் வீடும் அதே பத்து நிமிடத்தில். பிராகாரத்தில் வெயில் ஏறுமுன் ஒரு சுற்று, தூணடியில் சற்று உட்கார்ந்து பேச்சு, வரும்போது கீரை. பிரதோஷத்துக்கு வரவில்லையென்றால் பூக்காரம்மா போன் செய்து விசாரிக்கிறார். எந்த அழைப்பு மணியும் தானாக அப்படி அடிக்காது.

மாநில எல்லையையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தமிழ்நாட்டுத் திட்டம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. யூனியன் பிரதேசத்துக்குக் குடிபெயர்ந்தால் அது கிடையாது. ரேஷன் அட்டையையும் மாற்ற வேண்டும். பெரிய நோய் என்றால் கடலூர்க்காரர்களும் புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குத்தான் ஓடுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

புதுச்சேரி நகருக்குள் வீடு அமைந்தால் என் தீர்ப்பு மாறியிருக்கலாம். மாலை முதல் காலை வரை வண்டிகள் வராத கடற்கரைச் சாலையைப்போல வயதான கால்களுக்கு ஏற்ற இடம் கடலூரில் இல்லை. 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகமும் பக்கத்திலேயே. எங்கள் பணத்துக்குக் கிடைத்ததோ ஊருக்கு வெளியே.

சொந்த வீட்டின் குறைகளும் சிறியவை அல்ல. லாரன்ஸ் ரோட்டைக் கடப்பது இளையவர்களுக்கே சோதனை. 2011 தானே புயலில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர் இது. அந்த நேரத்தில் ஜெனரேட்டர் உள்ள அடுக்ககம் எவ்வளவோ மேல். நினைவு தடுமாறத் தொடங்கினால் இந்த ஏற்பாடு தாங்குமா? அந்த அனுபவம் எங்களுக்கு இல்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இரவுதான் இன்னும் உறுத்துகிறது. குளியலறையில் கைப்பிடி பொருத்தினோம். முதியோர் உதவி எண் 14567 தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருக்கிறது; ஆனால் அது இரவு எட்டு மணி வரைதான். எதிர்வீட்டு அக்காவிடம் மாற்றுச் சாவி உண்டு. உள்ளே தாழ்ப்பாள் போட்டால் அந்தச் சாவியால் பயனில்லை என்பதால், வாசல் கதவுக்கு வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டு மாற்றினோம். கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளைக் கழற்ற மட்டும் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.