நம்பர் போர்ட்: பழைய கம்பெனி வழியா, புதிய கம்பெனி வழியா?

மொபைல் எண்ணை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போக, அதாவது போர்ட் செய்ய, இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில், முதலில் பழைய கம்பெனி வழியாக ஒரு குறியீட்டை வாங்கி அதைப் புதிய கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். மற்றதில் நேராகப் புதிய கம்பெனிக்குப் போனால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரே ஒரு படிதான் வித்தியாசம். ஆனால் போகிறவரைப் பிடித்து நிறுத்த வசதியான இடம் அந்தப் படிதான்.

பிரிட்டனைப் பாருங்கள். அங்கே இந்த வசதி 1999-லேயே வந்துவிட்டது. ஆனாலும் குறியீடு கேட்டுப் பழைய கம்பெனிக்கே போன் போடும் வழக்கம் இருபது வருடம் நீடித்தது. எடுப்பவர், "ஏன் போறீங்க, குறைச்சுத் தர்றோம்" என்று ஆரம்பிப்பார். சலுகை கிடைத்தால் லாபம்தானே என்று தோன்றலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. போகிறேன் என்று சொன்னவருக்குத்தான் அந்த விலை; வருடக்கணக்கில் பேசாமல் பணம் கட்டுகிறவருக்கு இல்லை. 2019 ஜூலையில் விதி மாறியது. 65075-க்கு ஒரு எஸ்.எம்.எஸ் அனுப்பினால் குறியீடு வந்துவிடும். இப்போதே விலகினால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதும் அதே பதிலில் இருக்கும். குறியீடு 30 நாள் செல்லும், நிதானமாக யோசிக்கலாம்.

இந்தியாவிலும் குறியீட்டு முறைதான், 1900-க்கு எஸ்.எம்.எஸ். ஆனால் 2019 டிசம்பரிலிருந்து, குறியீட்டை உருவாக்குவது பழைய கம்பெனி அல்ல; இடையில் இருக்கும் தனி அமைப்பு. நல்ல மாற்றம். ஆனாலும் பழைய கம்பெனியில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கக் கூடாது. குறியீடும் பெரும்பாலான பகுதிகளில் 4 நாள்தான் செல்லும்.

இந்த பாக்கி விஷயத்தில் அமெரிக்க விதி நேர் எதிர். பணம் பாக்கி என்று சொல்லி எண்ணைப் பிடித்துவைக்க முடியாது; கடனைத் தனியாக வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். இதுவே சரி என்பேன். பில்லில் தகராறு இருக்கும் ஒருவர், தகராறு தீரும்வரை அதே கம்பெனியில் மாட்டிக்கொள்ள வேண்டுமா என்ன?

இரண்டாவது வழிக்கு ஜப்பான் நல்ல உதாரணம். முன்பு பழைய கம்பெனியிடம் ஒரு முன்பதிவு எண் வாங்க வேண்டும். 2023 மே மாதம் முதல், இந்த ஏற்பாட்டில் சேர்ந்த கம்பெனிகளுக்கு இடையே மாறும்போது அது தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018 சட்டமும் புதிய கம்பெனியே முன்னின்று நடத்த வேண்டும் என்கிறது. அமெரிக்காவிலும் இதே வழிதான், ஆனால் அங்கே கேட்கும் கணக்கு எண்ணும் பின் நம்பரும் பழைய கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும். அப்புறம் என்ன, குறியீடு வேறு பெயரில் வந்து நிற்கிறது.

சரி, குறியீடே வேண்டாமா? அதிலும் ஆபத்து இருக்கிறது. உங்கள் எண்ணை வேறொருவர் தன் சிம்முக்குக் கொண்டுபோனால் வங்கி ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போகும். இதற்காகத்தான் ஆஸ்திரேலியா 2020-இல், போர்ட் செய்யும்முன் கூடுதல் அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2024 ஜூலை முதல், சிம்மை மாற்றி வாங்கிய 7 நாளுக்குள் போர்ட் செய்ய முடியாது. இந்தத் தடைகளை நான் மனதார ஏற்கிறேன். இவை வாடிக்கையாளரைக் காப்பவை. தயவு பண்ணி இருங்கள் என்று இழுப்பவை அல்ல.

ஆகவே என் ஓட்டு புதிய கம்பெனி வழிக்கு, ஒரு நிபந்தனையோடு: பழைய சிம்முக்கு ஒரு எஸ்.எம்.எஸ் வந்து, அதற்கு நாம் சம்மதம் சொன்ன பிறகே எண் நகர வேண்டும்.

எந்த வழியில் போனாலும் ப்ரீபெய்டு பேலன்ஸ் பொதுவாகக் கூட வராது, தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள். போன் வேறு கம்பெனி சிம்மை ஏற்காதபடி பழைய கம்பெனிக்கே லாக் ஆகியிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். எண் கைமாறும் சிறிது நேரம் சேவை இருக்காது, அந்த நேரத்தில் வங்கி வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். முக்கியமாக, பழைய இணைப்பை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். போர்ட் முடிந்ததும் அது தானாக மூடிக்கொள்ளும். முந்திக்கொண்டு ரத்து செய்தால் எண்ணே கைவிட்டுப் போய்விடலாம்.